பஞ்சாலையின் இரு வாசல்கள்: பம்பாய்த் தொழிலாளர் வரலாற்றில் ஊதிய வேறுபாடும் ‘தொழிலாளி’ என்னும் வரையறையும்

முன்னுரை

வெவ்வேறு பணிகளுக்கு வெவ்வேறு ஊதியம் வழங்கப்படுவது முறையா என்னும் வினாவும், தொழிலாளர் வர்க்கம் என்பதனுள் யார் யார் அடங்குவர் என்னும் வினாவும் பெரும்பாலும் தனித்தனியே ஆராயப்படுகின்றன. முன்னது பொருளியலுக்கும் பின்னது அரசியலுக்கும் உரியதாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் இந்தியத் தொழிலக வரலாற்றை நோக்குமிடத்து இவ்விரண்டும் பிரிக்கவியலாத ஒரே சிக்கலின் இரு கூறுகளாகவே அமைகின்றன. ஒரு பணிக்கு இவ்வளவு ஊதியம் தகும் என்று கணக்கிடப்படுவதற்கு முன்னரே, அப்பணியில் யார் நுழையலாம், நுழைந்தவரை எப்பெயரால் அழைப்பது என்பவை முடிவு செய்யப்பட்டுவிடுகின்றன. கணக்கில் நீதி இருப்பினும், கணக்கிற்கு முந்தைய இம்முடிவில் நீதி இல்லையெனின் ஊதியம் நீதியாவதில்லை.

பம்பாய்ப் பஞ்சாலைகளின் வரலாறு இக்கருத்தைத் தெளிவாகக் காட்டவல்லது. 1854இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் முதல் நூற்பாலை நிறுவனத்தைத் தோற்றுவித்ததிலிருந்து 1982ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தம் வரை, இந்தியாவில் ‘தொழிலாளி’ என்றவுடன் நினைவுக்கு வரும் உருவம் பெருமளவு இவ்வாலைகளிலேயே வார்க்கப்பட்டது. அவ்வுருவத்தினுள் இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும், அவர்தம் ஊதியத்தோடு பொருத்தி நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1928 முதல் 1947 வரையிலான காலம் சிறப்பாகக் கருதப்படுகிறது. பிற்காலச் சட்ட வரையறைகள் அதன் தொடர்ச்சியாக ஆராயப்படுகின்றன.

1. சொல்லும் பொருளும்

உழைப்பிற்குப் பெறும் பயனைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் ‘கூலி’ மிகப் பழமையானது. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உடல் வருந்தி முயல்வதற்குக் கிடைக்கும் பயன் என்னும் பொருளில் அது ஆளப்பட்டுள்ளது. அங்கு அச்சொல்லில் இழிவுக் குறிப்பு எதுவுமில்லை. ‘ஊதியம்’ என்பதன் வரலாறு வேறானது. தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் ஊதியம் என்பது ஒரு செயலில் அழிவதையும் ஆவதையும் கழித்து எஞ்சும் ஆதாயத்தைக் குறிக்கிறது. முதல் போட்டவன் பெறும் ஆதாயத்திற்குரிய சொல், பிற்காலத்தில் உழைப்பவன் பெறும் தொகைக்கு உரியதாயிற்று.

தற்கால வழக்கில் இச்சொற்கள் ஒருபொருட் பன்மொழிகளாக நிற்கவில்லை. படிநிலையைக் குறிப்பனவாக நிற்கின்றன. நாள்தோறும் உடலுழைப்பிற்குப் பெறுவது கூலி. மாதந்தோறும் பெறுவது சம்பளம். ஆணையின்வழி அரசிடம் பெறுவது காலமுறை ஊதியம். நிலையான பணியிடம் இல்லாதவர் பெறுவது தொகுப்பூதியம். பணியாளர் என்றே ஏற்கப்படாதவர் பெறுவது மதிப்பூதியம். தொகையின் அளவை அறியாமலேயே, தொகையின் பெயரைக் கொண்டே பெறுபவரின் நிலையை அறிந்துகொள்ள இயலுகிறது. உலகெங்கும் குடியேற்ற நாடுகளில் ஒப்பந்தத் தொழிலாளரைச் சுட்டிய ‘கூலி’ என்னும் சொல்லின் மூலம் தமிழா, குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழ் மூலத்தை ஏற்பின், ஊதியத்தின் பெயரே மனிதனின் பெயராகிவிட்ட நிகழ்வு அது எனலாம்.

பெறுபவரைக் குறிக்கும் சொற்களிலும் இந்நிலையே காணப்படுகிறது. சிங்காரவேலர் 1923இல் தொடங்கிய தமிழ் இதழுக்குத் ‘தொழிலாளன்’ என்று பெயரிட்டார். தொழிலை ஆள்பவன் என்னும் பெருமிதம் அப்பெயரில் உண்டு. ஆயினும் அலுவலர், ஊழியர், பணியாளர், உதவியாளர், தன்னார்வலர் எனப் பிற சொற்கள் அதனைச் சூழ நின்று, யார் தொழிலாளி அல்லர் என்பதையும் வரையறுத்து வந்துள்ளன.

2. ஆலையின் பிரிவுகளும் ஊதியப் படிநிலையும்

பஞ்சு பொதியாக ஆலைக்குள் நுழைந்து துணியாக வெளியேறும் வரை பல பிரிவுகளைக் கடக்கிறது. பொதி பிரித்தல், சிக்கெடுத்தல், நூற்பு, நூல் சுற்றுதல், பாவு தோய்த்தல், நெசவு என அவை வரிசையாக அமைகின்றன. வளைய நூற்புப் பிரிவில் பணியாற்றியோர் ‘சைடர்’ எனப்பட்டனர். இழை அறுந்தவிடத்து இணைப்பதும் எந்திரத்தின் ஒரு பக்கத்தைக் கண்காணிப்பதும் அவர்தம் பணி. நெசவுப் பிரிவில் ஒருவர் பொதுவாக இரு தறிகளைக் கவனித்தார். நெய்த துணியின் அளவிற்கேற்ப அவருக்கு ஊதியம் கிடைத்தது. நெசவாளரின் மாத வருவாய் நூற்புப் பிரிவினரின் வருவாயினும் கணிசமாக உயர்ந்திருந்தது.

இவ்வேறுபாட்டிற்குத் திறன் என்பதே வழக்கமாகக் கூறப்பட்ட காரணம். நெசவு பழகுவதற்குக் காலம் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் பம்பாய் ஆலைகளில் தொழிற்பயிற்சிக்கு முறையான ஏற்பாடு இருக்கவில்லை. உறவினர் அல்லது ஊரார் ஒருவரின் அருகே நின்று பழகிக்கொள்வதே பயிற்சியாக இருந்தது. ஆள் சேர்க்கும் அதிகாரம் மேஸ்திரியிடம் இருந்தது. பெண்கள் பணியாற்றிய பிரிவுகளில் ‘நாயகின்’ எனப்பட்ட பெண் மேற்பார்வையாளர் அவ்விடத்தை வகித்தார். மேஸ்திரியின் ஊர், சாதி, குடியிருப்பு ஆகிய தொடர்புகளின் வழியே ஒருவர் ஆலைக்குள் வந்தார். ஆகவே திறனைப் பெறுவதற்குரிய வாய்ப்பே உறவின் வழிப் பங்கிடப்பட்டது. திறனுக்குக் கொடுக்கப்பட்ட ஊதியம் என்பது, நுணுகி நோக்கின், திறனைக் கற்கும் இடத்தில் நிற்க அனுமதிக்கப்பட்டதற்கான ஊதியமுமாகும்.

3. நாடாவும் தீட்டும்

தீண்டாதார் எனப்பட்ட மகர் முதலிய சமூகத்தினர் பம்பாய் ஆலைகளில் பெருந்தொகையினராகப் பணியாற்றினர். நூற்புப் பிரிவில் அவர்களுக்குத் தடையில்லை. நெசவுப் பிரிவில் இடமில்லை. இதற்குக் கூறப்பட்ட காரணம் ஒரு சிறு செய்கை பற்றியது. நாடாவில் உள்ள தார் தீர்ந்தவுடன் புதிய தாரைப் பொருத்தி, ஊடை நூலின் முனையை நாடாவின் துளைவழியே வெளியே இழுக்க வேண்டும். நெசவாளர் துளையில் வாய் வைத்து உறிஞ்சி அதனைச் செய்தனர். ஒருவர் வாய் வைத்த நாடாவை மற்றொருவரும் பயன்படுத்த நேரும். தீண்டாதார் வாய் பட்ட நாடாவில் தாம் வாய் வைக்க இயலாது என்று பிற சாதி இந்து நெசவாளர் மறுத்தனர்.

இதே செய்கை லங்காசயர் ஆலைகளிலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆலைகளிலும் இருந்தது. அங்கு அது நோய் பரவும் வழியாகக் கருதப்பட்டது. மாசசூசெட்ஸ் 1911இல் இத்தகைய நாடாக்களைச் சட்டத்தின் மூலம் தடை செய்தது. ஒரே எந்திரம், ஒரே செய்கை. ஓரிடத்தில் அது உடல்நலச் சிக்கலாகவும் மற்றோரிடத்தில் தீட்டுச் சிக்கலாகவும் உணரப்பட்டது. முன்னதற்கு நாடாவை மாற்றுவது தீர்வாயிற்று. பின்னதற்கு மனிதரை விலக்குவது தீர்வாயிற்று. கையால் நூல் கோக்கும் நாடா இயலாத ஒன்றன்று என்பதை நோக்க, பம்பாயின் விலக்கு எந்திரத்தின் தேவையால் நேர்ந்ததன்று என்பது தெளிவாகிறது.

அகமதாபாதிலும் இத்தகைய பிரிவினை நிலவியது. காந்தியடிகளின் வழிகாட்டுதலில் 1920இல் உருவான தொழிலாளர் சங்கம் பிரிவுவாரியான சங்கங்களின் கூட்டமைப்பாக அமைந்தது. நூற்புப் பிரிவுச் சங்கத்தில் தீண்டாதார் மிகுந்திருந்தனர். நெசவுப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. சங்கத்தின் அமைப்பே ஆலையின் சாதிப் படிநிலையைப் பின்பற்றி எழுந்தது எனலாம்.

மோரிஸ் டி. மோரிஸ் 1965இல் வெளியிட்ட ஆய்வில், பம்பாய் ஆலைகளில் தொழிற்பிரிவினையைச் சாதி பெரிதும் கட்டுப்படுத்தவில்லை என்றும், நெசவுப் பிரிவிலிருந்து தீண்டாதார் விலக்கப்பட்டதே முதன்மையான விதிவிலக்கு என்றும் கருதினார். ஆனால் அவ்விதிவிலக்கு நிகழ்ந்த இடம் எது என்பது இங்கு எண்ணத்தக்கது. ஆலையில் நல்ல ஊதியம் தந்த பெரும்பிரிவிலேயே அது நிகழ்ந்தது. எண்ணிக்கையில் விதிவிலக்காகத் தோன்றுவது, ஊதியத்தை அளவுகோலாகக் கொள்ளும்போது விதியாகவே தோன்றுகிறது.

4. 1928: ஊதிய நீதி கோரிய போராட்டமும் ஓரமாக நின்ற கோரிக்கையும்

1928 ஏப்ரலில் தொடங்கிய பொது வேலைநிறுத்தம் அக்டோபர் வரை ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்தது. சுமார் 1,50,000 தொழிலாளர் அதில் பங்கேற்றனர். கிர்ணி காம்கார் சங்கம் அவ்வாண்டு மே மாதத்தில் இப்போராட்டத்தினூடே பிறந்தது. எஸ்.ஏ. டாங்கே முதலிய பொதுவுடைமையரும் என்.எம். ஜோஷி முதலிய மிதவாதத் தொழிற்சங்கத் தலைவர்களும் கூட்டு வேலைநிறுத்தக் குழுவில் இணைந்து 17 கோரிக்கைகளை முன்வைத்தனர்.

இப்போராட்டத்தின் மையத்தில் இருந்தது பணிகளுக்கிடையிலான ஊதிய ஒப்பீடே ஆகும். ஆலை முதலாளிகள் முன்மொழிந்த தரப்படுத்தத் திட்டம் நெசவாளர் ஊதியத்தில் 7½ விழுக்காடு குறைப்பை உள்ளடக்கியிருந்தது. நூற்பாளர் ஊதியத்தோடு ஒப்பிட நெசவாளர் ஊதியம் மிகையானது என்பது அவர்கள் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. பிரிவுகளுக்கிடையே நீதி வேண்டும் என்னும் கூற்று இவ்வாறு முதலாளிகளின் தரப்பிலிருந்தே எழுந்தது. ஆனால் அந்நீதி தாழ்ந்ததை உயர்த்தும் நீதியாக இல்லாமல் உயர்ந்ததைத் தாழ்த்தும் நீதியாக இருந்தது. தொழிலாளர் அதனை எதிர்த்தது இயல்பே.

இந்நிலையில் அம்பேத்கர் வேறொரு வினாவை எழுப்பினார். நெசவுப் பிரிவில் தீண்டாதாருக்கு உள்ள தடை நீக்கப்பட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக ஏற்குமாறு வேலைநிறுத்தத் தலைவர்களை அவர் வற்புறுத்தினார். தலைவர்கள் தயக்கத்துடனேயே இதற்கு இசைந்தனர். போராட்டத்தின் மையக் கோரிக்கையாக அது ஆகவில்லை. நெசவாளரே போராட்டத்தின் முதுகெலும்பாக விளங்கியமை இத்தயக்கத்தை ஓரளவு விளக்கவல்லது. குறைப்பை எதிர்த்து நின்ற நெசவாளரிடம், தம் பிரிவின் வாசலைத் திறந்துவிடுமாறும் கோருவது போராட்டத்தைப் பிளக்கும் என்று தலைவர்கள் அஞ்சியிருத்தல் கூடும்.

அவ்வச்சத்தின் விலை சிறிதன்று. நெசவுப் பிரிவில் நுழையவியலாத ஒருவருக்கு, நெசவாளர் ஊதியத்தைக் காக்கும் போராட்டம் தம் போராட்டமாகத் தோன்றுவதற்கு என்ன காரணம் இருக்க இயலும்? வர்க்க ஒற்றுமையின் பெயரால் பட்டினியை ஏற்குமாறு அவர் அழைக்கப்பட்டார். அவ்வொற்றுமை தமக்கு என்ன தரும் என்று அவர் கேட்டபோது விடை கிடைக்கவில்லை. 1929இல் மீண்டும் பொது வேலைநிறுத்தம் தொடங்கியபோது அம்பேத்கர் அதனை ஆதரிக்காமையை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

சென்னையிலும் இதனையொத்த நிகழ்வு முன்னரே நேர்ந்திருந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது திரு.வி.க., பி.பி. வாடியா ஆகியோர் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரை ஓரணியில் திரட்டினர். ஆனால் 1921ஆம் ஆண்டு பக்கிங்காம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. ஒற்றுமையைக் குலைத்தோர் என்று அவர்களைக் குறைகூறுவது எளிது. பட்டினி கிடக்கும் ஆற்றலும் சங்கத்தில் செல்வாக்கும் அனைவர்க்கும் சமமாக இருந்தனவா என்று வினவுவதே வரலாற்றாய்வின் கடமையாகும்.

5. பெண்கள்: குறைக்கப்பட்ட ஊதியமும் குறைந்த எண்ணிக்கையும்

1920களில் பம்பாய் ஆலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பெண்கள். நூல் சுற்றும் பிரிவிலும் சிட்டமிடும் பிரிவிலும் அவர்கள் மிகுந்திருந்தனர். அங்கு எடைக்கேற்பக் கூலி வழங்கப்பட்டது. நூல் வரத்துக் குறைந்தால் கூலியும் குறையும். காத்திருந்த நேரத்திற்குக் கூலி இல்லை. பெண்களின் வருவாய் குடும்ப வருவாயின் துணைப்பகுதி என்று கொள்ளப்பட்டமையால் அதன் குறைவு அநீதியாகக் கருதப்படவில்லை.

1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தை வரையறுத்தது. 1929இல் பம்பாய் மகப்பேற்று உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. பாதுகாப்பு நோக்கிய இச்சட்டங்கள் பெண் தொழிலாளரைச் செலவு மிகுந்தவராக முதலாளிகள் கருதுவதற்கும் இடமளித்தன. சீரமைப்பின் பெயரால் பெண்கள் பணியாற்றிய பிரிவுகளே முதலில் சுருக்கப்பட்டன. பிற்காலத்தில் ஆலைகளில் பெண்களின் பங்கு மிகவும் சுருங்கிற்று. ஆண்களின் ஊதியம் குடும்பத்தைக் காக்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது தொழிற்சங்கங்களின் கோரிக்கையாக வளர்ந்தபோது, ‘தொழிலாளி’ என்னும் சொல் ஆண்பாற் சொல்லாகவே பொருள்கொள்ளப்பட்டது.

6. மன்மாடு முதல் 1947 வரை

1936இல் வெளியான சாதி ஒழிப்புப் பற்றிய நூலில், சாதி என்பது தொழில்களைப் பிரிப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்னும் கருத்தை அம்பேத்கர் நிறுவினார். அவ்வாண்டே சுதந்திரத் தொழிலாளர் கட்சியையும் தோற்றுவித்தார். 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் கூடிய இரயில்வே ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை, ஊதியச் சிக்கலைச் சாதியோடு இணைத்து ஆராய்ந்த முதன்மையான உரைகளுள் ஒன்று. பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளரின் இரு பகைகள் என அதில் அவர் வரையறுத்தார். இரயில்வேயில் தீண்டாதார் இருப்புப்பாதைப் பணியாளராகவே வாழ்நாளைக் கழிக்க நேர்வதையும் அவர் சுட்டிக்காட்டினார். நிலையச் சுமைதூக்கும் பணிகூட அவர்களுக்குக் கிட்டவில்லை. சுமைதூக்குவோர் நிலைய அதிகாரியின் வீட்டு வேலையையும் செய்ய வேண்டியிருந்தமையே அதற்குக் காரணம். பஞ்சாலையில் நாடா செய்ததை இரயில்வேயில் நிலைய அதிகாரியின் வீட்டுச் சமையற்கட்டு செய்தது.

எனினும் இவ்வரலாறு பிளவுகளின் வரலாறு மட்டுமன்று. வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்திய பம்பாய்த் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7ஆம் நாள் நிகழ்ந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் பொதுவுடைமையரும் ஒன்றாக நின்றனர். பத்தாண்டுகளுக்கு முன் இயலாதது அன்று இயன்றது. நெசவுப் பிரிவின் வாசல் அதனால் திறந்துவிடவில்லை. ஆயினும் வாசலைப் பற்றிப் பேசியோரும் ஊதியத்தைப் பற்றிப் பேசியோரும் ஒரே மேடையில் நிற்கவியலும் என்பது நிறுவப்பட்டது.

1937இல் பம்பாய் அரசு அமைத்த பஞ்சாலைத் தொழிலாளர் விசாரணைக் குழு தன் இறுதி அறிக்கையை 1940இல் அளித்தது. 1947இல் தொழில் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, 26 வேலை நாள்கள் கொண்ட மாதத்திற்கு 30 ரூபாய் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் என்று நிறுவி, பிரிவுவாரியாக ஊதியத்தைத் தரப்படுத்தியது. மேஸ்திரியின் விருப்பத்திற்கும் ஆலைக்கு ஆலை மாறிய வழக்கத்திற்கும் இது பெருமளவு முடிவு கட்டியது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் தரப்படுத்தம் ஒவ்வொரு பணிக்கும் விலையை நிறுவியது. அப்பணிக்குச் செல்லும் வழியைப் பற்றி அது பேசவில்லை.

7. நீதியான ஊதியம்: அளவுகோலும் நடைமுறையும்

1948இல் அமைக்கப்பட்ட நீதியான ஊதியக் குழு, ஊதியத்தைக் குறைந்தபட்ச ஊதியம், நீதியான ஊதியம், வாழ்வூதியம் என மூன்றாக வகுத்தது. பணிகளுக்கிடையே ஊதியம் வேறுபடுவதற்குரிய காரணிகளையும் அது பட்டியலிட்டது. திறன், சிரமம், அனுபவம், பயிற்சி, பொறுப்பு, உடல் மனத் தகுதிகள், பணியின் அருவருப்பு, இடர், களைப்பு ஆகியன அவை. இவற்றுள் பணியின் அருவருப்பும் இடரும் சிறப்பாகக் கருதத்தக்கன. தூய்மையற்றதும் பிறர் செய்ய விரும்பாததுமான பணிக்கு ஊதியம் உயர வேண்டும் என்பது 1776இல் ஆடம் ஸ்மித் எழுதிய நூலிலும் இடம்பெற்ற கருத்தாகும்.

இந்திய நடைமுறை இக்கோட்பாட்டிற்கு நேர்மாறாக அமைந்தது. மலக்குழிப் பணியும் குப்பை அகற்றும் பணியும் அருவருப்பிலும் இடரிலும் முதன்மையானவை. ஊதியத்தில் கடைநிலையில் உள்ளவை. இம்முரணுக்குக் காரணம் சந்தையின் விதியில் இல்லை. ஒரு பணியை மறுக்கும் உரிமை உடையவரே அப்பணிக்கு உயர்ந்த விலை கேட்க இயலும். பிறப்பினால் ஒரு பணிக்கு ஒதுக்கப்பட்டவருக்கு மறுக்கும் உரிமை இல்லை. ஆகவே விலை கேட்கும் உரிமையும் இல்லை. நெசவுப் பிரிவில் நுழையவியலாமையும் துப்புரவுப் பணியிலிருந்து வெளியேறவியலாமையும் ஒரே அமைப்பின் இரு வாசல்கள். ஒன்று உள்ளே விடாதது. மற்றொன்று வெளியே விடாதது.

சம ஊதியச் சட்டங்கள் இவ்விடத்தைத் தொடவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. அது ஆண் பெண் இருபாலருக்கும் சமமதிப்புள்ள பணிக்குச் சம ஊதியம் பேசுகிறது. 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டமோ ஒரே பணி அல்லது ஒத்த தன்மையுடைய பணி என்று சுருக்கிக்கொண்டது; 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே வரையறுத்தது. தில்லிக் காவல்துறை ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் சம பணிக்குச் சம ஊதியம் என்பதை அரசமைப்பின் இலக்காக ஏற்றபோதும், ஓட்டுநரை ஓட்டுநரோடு ஒப்பிட்டே நீதி வழங்கியது. ஒரே பணியில் உள்ள இருவரை ஒப்பிடும் இம்முறையில், வெவ்வேறு பணிகளில் நிறுத்தப்பட்டவர் ஒப்பீட்டிற்கே வருவதில்லை.

8. சட்டத்தின் ‘தொழிலாளி’

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் உடலுழைப்பும் எழுத்தர் பணியும் செய்வோரைத் தொழிலாளர் என்றது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் தொழில்நுட்பப் பணியையும், ஊதிய வரம்பிற்குட்பட்ட மேற்பார்வைப் பணியையும் சேர்த்தது. மேற்பார்வையாளருக்குரிய வரம்பு 500 ரூபாயில் தொடங்கி, 2010இல் 10,000 ரூபாயாகவும், 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊதியம் இங்குத் தொழிலாளியை அளக்கும் கோலாகவும் ஆகியுள்ளது. வரம்பைக் கடந்த மேற்பார்வையாளர் பணி மாறாமலே பெயர் மாறுகிறார்.

கல்வி நிலையங்கள் இவ்வரையறையின் நெருக்கடியை நன்கு காட்டுவன. 1963இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், கல்வி தொழிலன்று என்னும் அடிப்படையில், கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர்களும் தொழிலாளர் அல்லர் எனத் தீர்ப்பாயிற்று. 1978இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் இந்நிலை மாறிக் கல்வி நிலையங்களும் தொழில் என்னும் வரையறைக்குள் வந்தன. ஆனால் 1988இல் கோவாவைச் சார்ந்த வழக்கொன்றில் ஆசிரியர் தொழிலாளர் அல்லர் என்று முடிவாயிற்று. ஆசிரியப் பணியின் மேன்மை அத்தீர்ப்பில் போற்றப்பட்டது. போற்றுதலின் விளைவாகத் தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்குக் கிட்டாமற் போயிற்று.

மேன்மையும் விலக்கும் இவ்வாறு ஒன்றாக வருவதற்கு அங்கன்வாடிப் பணியாளரின் வரலாறு மற்றொரு சான்று. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் அவர்கள் பெறுவது மதிப்பூதியம் எனப்பட்டது. அவர்கள் அரசுப் பணியிடம் வகிப்போர் அல்லர் என 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2022இல் பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. பெறும் தொகை மதிப்பூதியம் என்னும் பெயர் கொண்டிருப்பினும் அது உழைப்பிற்கான ஊதியமே என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பம்பாய் மாநகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் 2,700 பேரை நிரந்தரமாக்குமாறு 2014இல் தொழில் தீர்ப்பாயம் வழங்கிய தீர்ப்பும் 2017இல் உச்ச நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டது. இவ்வழக்குகளில் தொகையை உயர்த்தும் கோரிக்கைக்கு முன்னர், பெயரை மாற்றும் கோரிக்கை நின்றது.

பம்பாய் ஆலைகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1982 ஜனவரி 18ஆம் நாள் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ 2,50,000 தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், பிற தொழில்களை ஒத்த ஊதிய உயர்வோடு பதிலித் தொழிலாளரை நிரந்தரமாக்கும் கோரிக்கையும் இடம்பெற்றது. நாள்தோறும் ஆலை வாசலில் நின்று, வராதவரின் இடத்தில் வேலை பெற்ற பதிலித் தொழிலாளி, பல்லாண்டு உழைத்தும் ஆலைக்கு உரியவராகவில்லை. அவ்வேலைநிறுத்தம் முறையாக முடிவுறாமலே தேய்ந்தது. ஆலைகள் பலவும் மூடப்பட்டன. நிரந்தரத் தொழிலாளியும் பதிலித் தொழிலாளியும் அமைப்புசாராத் தொழில்களுக்குள் ஒருங்கே தள்ளப்பட்டனர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. பணிகளுக்கிடையிலான ஊதிய வேறுபாடு திறனின் வேறுபாடாக விளக்கப்பட்டபோதும், பம்பாய் ஆலைகளில் அத்திறனைப் பெறும் வாய்ப்புச் சாதியாலும் பாலினத்தாலும் முன்னரே பங்கிடப்பட்டிருந்தது. தொழிற்சங்கங்கள் ஊதியத்தின் அளவிற்குப் போராடிய அளவிற்குப் பணியின் வாசலுக்குப் போராடவில்லை. அதனால் வர்க்க ஒற்றுமை குறுகியது. சட்டம் ஒரே பணியில் உள்ளோரை ஒப்பிட்டு நீதி வழங்குகிறதேயன்றி, பணிகளையே ஒப்பிடுவதில்லை. தொழிலாளி என்னும் பெயர் மறுக்கப்பட்டோர்க்கு, ஊதியம் நீதியானதா என்று வினவும் இடமே மறுக்கப்படுகிறது.

தமிழிலக்கிய ஆய்வுக்கும் இவ்வரலாறு ஒரு பணியை விட்டுச்செல்கிறது. தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ நெசவாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்த தகழியின் ‘தோட்டியின் மகன்’ துப்புரவுத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. இவ்விரண்டையும் தொழிலாளர் இலக்கியம் என்னும் ஒரே வரிசையில் வைத்து வாசிக்கையில், முன்னதில் ஊதியம் கேட்கும் குரலும் பின்னதில் அப்பணியினின்று விடுதலை கேட்கும் குரலும் ஒலிப்பதைக் காணலாம். ஊதியத்திற்கான குரலைத் தொழிலாளர் குரலாகவும் விடுதலைக்கான குரலைச் சாதிக் குரலாகவும் பகுக்கும் வழக்கம் ஆய்வுலகில் நீடிக்குமாயின், நெசவுப் பிரிவின் வாசல் ஆய்வுலகிலும் மூடியே இருக்கும். மதிப்பூதியமும் தொகுப்பூதியமும் பெற்று வகுப்பறைகளில் கற்பிப்போர் பலர் உள்ள இந்நாளில், யார் தொழிலாளி என்னும் வினா ஆலைக்கு வெளியே, கல்விக்கூடத்தின் வாசலிலும் நிற்கிறது. அதற்கு விடை கூறாமல் ஊதிய நீதியைப் பற்றிப் பேசுவது முற்றுப்பெறாது.